கட்டிலுக்கடியில் இருந்த எஞ்சின்

அக்டோபர் 19, சனி

இன்று மதியம் போத்தனூரிலிருந்து ஒரு பெண் ஆட்டோவில் வந்து இறங்கி, என் கணவரை "மூர்த்தி" என்று கூப்பிட்டாள்.

ஊருக்கு அவர் திருமூர்த்தி. லேத் பட்டறை ஆட்களுக்குத் திருமூர்த்தி அண்ணன். என் மாமியார் இருந்தவரை "திரு". எனக்கு "என்னங்க". இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பெயரோடு குடித்தனம் செய்கிறேன். அதை நடுவில் வெட்டிப் பாதியை எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவள் பெயர் லினெட். ஆங்கிலோ இந்தியப் பெண். என் வயதுதான் இருக்கும். குட்டையாக வெட்டிய முடி, நரைக்குச் சாயம் அடிக்கவில்லை. அப்பா நெவில், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர், சமீபத்தில் இறந்துவிட்டார். வீட்டைக் காலி செய்யும்போது கட்டிலுக்கடியிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்திருக்கிறாள். உள்ளே ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சின். எங்கள் பகுதியான கணபதியில் ஒருவர் இந்த வண்டியின் வெறும் சட்டத்தை வைத்துக்கொண்டு எஞ்சினைத் தேடுகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஒருவர் என் கணவர். அந்தச் சட்டம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பட்டறையின் கூரையில் தொங்குகிறது. உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது. மழைக்காலத்தில் ஒருமுறை நான் அதில் ஈரத்துணியைக் காயப்போட்டதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

அவள் தன் போனில் எஞ்சினின் எண்ணைப் படம் எடுத்து வந்திருந்தாள். இவர் ஏணி போட்டு ஏறி, மண்ணெண்ணெய்த் துணியால் சட்டத்தைத் துடைத்து, படித்தார். இரண்டும் ஒரே எண்.

"இவன்தாங்க," என்றார். குரல் உடைந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பற்றி அவர் சொன்னது, "சரிங்க, பிடிச்சிருக்குது."

காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் அதையும் "சூப்பர் காப்பி" என்று சொல்லிக் குடித்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

பெட்டி குட்டியானை வண்டியில் வந்தது. நாலு பேர் இறக்கினார்கள். மூடியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை. குழந்தையில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவார்களே, அதே விளக்கெண்ணெய்.

"ரேஸ் எஞ்சினுக்கு அந்தக் காலத்தில் ஆமணக்கெண்ணெய்தான். அதிலிருக்கும் ரிசினோலிக் அமிலம் சூட்டிலும் விலகாமல்..." என்று ஆரம்பித்தேன். பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன், வாய் சும்மா இருக்காது.

"இங்கயும் கிளாஸ் எடுக்காத கோகிலா," என்றார் அவர்.

"இல்ல மேன், சொல்லட்டும், சொல்லட்டும்," என்றாள் லினெட்.

அவள் எனக்காகப் பரிந்து பேசியது பிடிக்கவில்லை. மீதியைச் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அவள் எஞ்சினை விற்கமாட்டாளாம். சட்டத்தோடு பூட்டி, ஓடவிட்டு, அப்பாவின் வண்டிச் சத்தத்தை ஒருமுறை கேட்கவேண்டுமாம். ஜனவரியில் பெர்த் நகரத்தில் இருக்கும் தம்பியிடம் போய்விடுகிறாள். எஞ்சினை அப்புறம் என்ன செய்வது என்று அப்போது சொல்வாளாம். அதுவரை சனிக்கிழமைதோறும் வருவாள்.

அக்டோபர் 26, சனி

அவர் முகச்சவரம் செய்துகொண்டார். சனிக்கிழமை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வாங்க என்று காலையிலிருந்து கூப்பிட்டேன். பட்டறையில் எஞ்சினைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மகள் தாரிணி சென்னையிலிருந்து பேசியபோது, "அப்பா எங்கம்மா?" என்றாள். "பெரிய வீட்டுல," என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

நவம்பர் 2, சனி

இன்று ஜன்னல் பக்கம் பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சத்துக்காக.

அவர் பேசுகிறார். இவ்வளவு வார்த்தைகள் அவரிடம் இருந்ததா? என்னிடம் பேசுவது: சாப்பாடு ஆச்சா, மோட்டார் போடு, கரண்ட் பில் கட்டியாச்சா. அவளிடம் பேசுவது: இந்த பிஸ்டனை வார்த்தவன் கையைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது, பன்னிரண்டு வயதில் மாமாவோடு லாரியில் போய்ச் சோழவரத்தில் ரேஸ் பார்த்தேன், காதில் இரண்டு நாள் அந்தச் சத்தம் இருந்தது.

சோழவரம் போனது எனக்குத் தெரியாது. அவள்தான் கேட்டாள், "அழுதியா மேன்?" "அழுதேன்," என்கிறார். அதுவும் தெரியாது.

ஒரு கிலோ பட்டாணியும் உரித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

மதியம் வகுப்பு இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து எங்கள் பட்டறைக்கு வந்திருக்கும் நார்ட்டன் மேங்க்ஸ் வண்டியைப் பற்றிப் படித்தேன். கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள் இல்லையா, அந்த மாதிரிதான்.

பர்மிங்ஹாமில் செய்த வண்டி. மேன் தீவின் மலைச்சாலையில் நடக்கும் பந்தயத்தை வைத்து அந்தப் பெயர். ஐந்நூறு சிசி, ஒற்றை சிலிண்டர். சட்டத்தை வடிவமைத்தவர்கள் பெல்ஃபாஸ்ட் ஊர் அண்ணன் தம்பிகள். ஓட்டிப் பார்த்த ஒருவர் இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றாராம், அதுவே அதற்குப் பெயராக நின்றுவிட்டது. விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது. உதைத்துக் கிளப்ப முடியாது, தள்ளிக்கொண்டே ஓடித்தான் கிளப்பவேண்டும். பின்னால் இன்னொருவர் உட்கார இடமே இல்லை.

சின்னப் பந்தயக் கார் ஓட்டியவர்களுக்கு இந்த எஞ்சின் மட்டும் தேவைப்பட்டது. கம்பெனி தனியாகக் கொடுக்கவில்லை. அதனால் முழு வண்டியை வாங்கி, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு, சட்டத்தை மூலையில் போட்டார்களாம். மூலையில் போடப்பட்ட சட்டங்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது கேட்கவில்லை.

முக்கியமானது ஒன்று கிடைத்தது. ஆமணக்கெண்ணெயும் சாதாரண எஞ்சின் ஆயிலும் சேராது. கலந்தால் கோந்து மாதிரி திரளும். குழாய் அடைத்துக்கொள்ளும், எண்ணெய் மேலே ஏறாது, ஓடுகிற எஞ்சின் அப்படியே இறுகிவிடும். வேகமாகப் போகும்போது இறுகினால் பின்சக்கரம் நின்று ஆளைத் தூக்கி எறியும்.

சாப்பிடும்போது சொன்னேன். அவர் கை சோற்றில் நின்றது.

"இது எங்க படிச்ச?"

என்னைப் பார்த்து அவர் ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாயிற்று. இன்னும் இரண்டு கரண்டி ரசம் ஊற்றினேன்.

நவம்பர் 16, சனி

நான் சொன்னதை அவர் அவளிடம் சொன்னார். நான் சொன்னேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 23, சனி

இன்று மழை. அவர் வெல்டிங் கம்பி வாங்கப் போன நேரத்தில் வந்துவிட்டாள். சமையலறையில்தான் உட்காரவைக்க வேண்டியிருந்தது. பூண்டு உரிக்கட்டுமா என்றாள். வேண்டாம் என்பதற்குள் உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வண்டியை முதலில் கொண்டுவந்தது வால்பாறையில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரராம். கப்பலில் சென்னைக்கு வந்து, சோழவரம் ஓடுபாதையில் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது நெவிலிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நெவில் வருஷம் தவறாமல் அதை கூட்ஸ் வண்டியில் ஏற்றிச் சோழவரத்துக்குக் கொண்டுபோவார். கடைசி ரேஸில் விழுந்து ஒரு கால் போயிற்று. அதாவது இருந்தது, மடங்காது. அதற்குப் பிறகு எஞ்சினைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, சட்டத்தை விற்றுவிட்டார்.

"கட்டிலுக்கடியில எதுக்கு?" என்று கேட்டேன்.

"டாடிக்கு அது பக்கத்துல இல்லன்னா தூக்கம் வராது," என்றாள். கொஞ்சம் வேகமாகச் சொன்னாள் என்று தோன்றியது. "அது மேலதான் மம்மியும் படுத்தா. சாகற வரைக்கும்."

அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். ஐரிஸ்.

டிசம்பர் 7, சனி

எஞ்சினைச் சட்டத்தில் ஏற்றினார்கள். சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு இறக்கும்போது நான் விளக்குப் பிடித்தேன். போல்ட்டை ஒரு பக்கத்திலிருந்து அவர் நுழைக்க, மறுபக்கத்திலிருந்து அவள் நட்டைப் பிடிக்கவேண்டும். இரண்டு பேர் முகமும் பெட்ரோல் டேங்க் அளவுக்கு இடைவெளியில். டேங்க் இன்னும் மாட்டவில்லை.

"வெளக்க ஆட்டாத கோகிலா."

"ஆட்டலீங்க."

"ஆடுதே."

"கை வலிக்குதா பாவம், நான் பிடிக்கட்டுமா?" என்றாள் அவள்.

எட்டு போல்ட்டும் முடியும்வரை அசையாமல் பிடித்திருந்தேன். வண்டி முழுதானதும் மூன்று பேரும் பின்னால் நகர்ந்து பார்த்தோம். நீளமாக, தாழ்வாக, பாய்வதற்குப் பதுங்கியது மாதிரி இருந்தது. அழகு என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். என்னைவிடப் பல வருஷம் மூத்தது, ஆனால் துருவைச் சுரண்டினால் திரும்பப் புதிதாகிவிடுகிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

தாரிணியிடம் போனில் பேசினேன். காலேஜ், ஹாஸ்டல் சாப்பாடு, முடி கொட்டுவது. நடுவில், "அம்மா, இந்த லினெட் ஆன்ட்டி பேர் இதோட ஏழாவது தடவை," என்றாள்.

"சனிக்கெழம வர்றாங்க, அதனால சொன்னேன்."

"அம்மா, பொறாமையா?"

"உங்கப்பாவப் பாத்தா அப்படித் தோணுதா? தொந்தியும் கிரீஸும்."

"நான் அப்பாவப் பத்திக் கேக்கல. உன்னப் பத்திக் கேட்டேன்."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

டிசம்பர் 25, புதன்

லினெட் கேக்கும் குல்குல் பலகாரமும் கொண்டுவந்தாள். ஜனவரி ஒன்பதாம் தேதி விமானம். அதற்கு முன் ஐந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் ரேஸ் மைதானத்தில் பழைய வண்டிகள் எல்லாம் கூடுகின்றன. அங்கே நம் வண்டி இரண்டு சுற்று ஓடும். இவர் ஓட்டுகிறார். முன்னதாக வெள்ளிக்கிழமை பட்டறையிலேயே ஸ்டாண்டில் நிறுத்தி, மோட்டாரில் பூட்டிய உருளையால் பின்சக்கரத்தைச் சுற்றி, எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பார்கள்.

"அன்னைக்கே அழுதுரப் போறேன் மேன்," என்றாள்.

"நானுந்தான்," என்றார் என் கணவர், என் முன்னாலேயே, கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு.

கேக்கில் பிராந்தி அதிகம். நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 2, வியாழன்

சாயங்காலம் திருப்பூரிலிருந்து போன் செய்தார். வர நேரமாகுமாம்.

"ஆயில் டேங்க்குல ரெண்டு வெரக்கடை கொறையுது கோகிலா. ரேக்குல ரெண்டு கேன் இருக்கும். வலதுகைப் பக்கம் இருக்கறதுதான் ரேஸ் ஆயில். ஊத்தி வெச்சுரு. காலைல வந்ததும் கெளப்பிப் பாக்கோணும். மாத்திறாத. உனக்குச் சொல்லோணுமா, நீதான எனக்கே சொன்ன."

இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கேன். வலது என்றால் ரேக்கைப் பார்த்து நிற்கும்போது வலதா, ரேக்குக்கு வலதா என்று அவர் சொல்லவில்லை. ஊற்றி வைத்தேன். மூடியைத் துடைத்தேன். அப்புறம் கையைக் கழுவினேன். ஒரு வாசனையும் இல்லை.

ராகிக்களி, கீரை மசியல். பால்காரர் நாளைக்கு வரமாட்டாராம்.

ஜனவரி 3, வெள்ளி

எதிர்வீட்டுப் பெரியவர் விடியற்காலையில் தவறிவிட்டார். தெருவில் பந்தல் போட்டாயிற்று. எழவு வீட்டுக்கு எதிரில் அந்தச் சத்தத்தைக் கிளப்ப முடியுமா? வேண்டாம், நேராக ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இவரே சொல்லிவிட்டார். நான் காலை முழுவதும் அங்கே வந்தவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தேன்.

இன்று கிளப்பியிருந்தால் பட்டறையில் நின்றபடி ஓடி, பட்டறையிலேயே நின்றுபோயிருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

சாயங்காலம் அவர் சொன்னார்: "ஞாயித்துக்கெழம நான் ஓட்டல. லினெட்டே ஓட்டட்டும். அவங்கப்பா வண்டி. பத்தொம்பது வயசுல இருந்து புல்லட் ஓட்டுறாங்க, நல்ல கை. நான் தள்ளிவிடறேன்."

தன் இடத்தை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஜனவரி 4, சனி

இட்லிக்கு அரைத்தேன். தலையணை உறைகளை மாற்றினேன். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் அடைப்பு, நானே குச்சி விட்டு எடுத்தேன். மதியம் சொல்லலாம் என்று அறைக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கும்போது சிரிப்பது போல இருக்கும். வெளியே வந்து துவரம்பருப்பில் கல் பொறுக்கினேன். கல் இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

மைதானத்தில் நல்ல கூட்டம். பழைய ஜாவாக்கள், ராஜ்தூத்கள், ஒரு சைடுகார். எங்கள் வண்டியைச் சுற்றித்தான் எல்லோரும். இவர் வேட்டி கட்டவில்லை, பேண்ட் போட்டிருந்தார். லினெட் அவள் அப்பாவின் தோல் ஜாக்கெட்டைப் போட்டிருந்தாள், தோள் பெரிதாக, கை நீளமாக. மைக்கில் வண்டியின் கதையைச் சொன்னார்கள்: பர்மிங்ஹாம், வால்பாறை, சோழவரம், போத்தனூர், கணபதி. கை தட்டினார்கள். அவள் ஏறி உட்கார்ந்து தலைக்கவசத்தின் வாரை இழுத்துக் கட்டினாள். கன்னம் பிதுங்கியது. அந்தச் சின்னப் பிதுங்கலைப் பார்த்ததும்தான் என் கால் நகர்ந்தது.

இவர் பின்னால் குனிந்து இருக்கையில் கை வைத்துவிட்டார். நான் முன்னால் போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"தள்ளிக்க கோகிலா."

"ஓட்டக் கூடாதுங்க."

"என்னது?"

"ஆயில் தப்பு. வியாழக்கெழம நான் ஊத்துனது வேற கேன்."

அவர் ஆயில் டேங்க் மூடியைத் திறந்தார். குச்சி விட்டு எடுத்தார். நுனியில் கூழ் மாதிரி தொங்கியது.

"வலதுகைப் பக்கம்னு சொன்னனல்ல!"

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சுங்க."

"நீதான எனக்கே சொன்ன! நீதான சொன்ன, கலக்கக் கூடாதுன்னு!" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நேத்து முழுக்க வாயில என்ன வெச்சிருந்த?"

"இப்பத்தான் சந்தேகம் வந்துச்சு."

மைக்கில் எங்கள் வண்டியை அழைத்தார்கள். இவர் கையை உயர்த்தி இல்லை என்று ஆட்டினார். அடுத்தவர்கள் கிளம்பிப் போனார்கள். அவர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். எழவு வீட்டில் ஆண்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

லினெட் இறங்கினாள். விரலை டேங்கில் விட்டு, முகர்ந்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மூர்த்தி, போய் டீ வாங்கிட்டு வா மேன். மூணு."

அவர் போனார்.

"வெளக்கெண்ண வாசன தெரியாத கெமிஸ்ட்ரி டீச்சரா நீங்க?"

ஆயில் குச்சியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

"என்னக் கொல்லப் பாத்தீங்களா?"

"இல்ல. சத்தியமா இல்ல. வெள்ளிக்கெழம பட்டறையிலயே நின்னுரும்னுதான்... எஞ்சின் மட்டும்தான்..."

"எஞ்சின் மட்டும்தானா!" சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கிவிட்டு என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள்.

"டாடி விழுந்த அன்னைக்கும் இதே மாதிரி டேங்க்ல கூழ்தான். காலைல மம்மி அந்த மூடியத் திறந்துட்டு நின்னத அவர் பாத்திருக்கார். அவ பண்ணினாளா, இல்ல அவர் ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் மாத்தி ஊத்திட்டாங்களா, தெரியாது. அவர் கேக்கல. அவ சொல்லல. எஞ்சினக் கழட்டி அவ படுக்கற எடத்துக்குக் கீழ வெச்சார். அவ்வளவுதான். முப்பது வருஷம் அந்த வீட்ல அதப் பத்தி ஒரு வார்த்த இல்ல."

"தூக்கம் வராதுன்னு சொன்னீங்க."

"எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன்." மூக்கைத் துடைத்தாள். "நீங்க வந்து ஹேண்டில் பாரப் பிடிச்சீங்க. லேட்டுதான். ரொம்ப லேட்டு. ஆனா பிடிச்சீங்க."

அவர் டீயோடு வந்தார். லினெட் வாங்கிக்கொண்டு, "விடு மேன், யாருக்கும் வர்ற தப்புதான்," என்றாள்.

அதுவரை அவளைப் பிடிக்காமல் மட்டும்தான் இருந்தது. இப்போது அவளுக்குக் கடமைப்பட்டும் விட்டேன். இரண்டாவதுதான் அதிகம் எரிகிறது.

ஜனவரி 6, திங்கள்

கல்லூரிக்கு லீவு. டேங்கைக் கழற்றிக் கொடுத்தார். நான் கழுவினேன். கோந்து பெட்ரோலில் எளிதில் கரையவில்லை. டேங்க், குழாய்கள், பம்ப் எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பிரஷ் போட்டேன். எது எதில் கரையும் என்பது எனக்குத்தான் தெரியும் என்பதால் அவரும் உதவிக்கு வந்த லினெட்டும் என்னைக் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இருபது தடவையாவது என்னை நிமிர்ந்து பார்த்தார். கேட்கவில்லை.

ஜனவரி 8, புதன்

இன்னும் திறக்காத புதுப் பைபாஸ். காலை வெயில் அப்போதுதான் வந்திருந்தது. கூட்டம் இல்லை, மைக் இல்லை. தூரத்தில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்.

லினெட் ஏறி உட்கார்ந்தாள். அவர் தள்ளினார். டப் டப் என்று இருமிவிட்டு நின்றது. மறுபடி தள்ளினார். மூச்சு வாங்கியது.

"பாத்துட்டே நிக்கிறயே புள்ள, வந்து கை போடு."

துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டேன். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். ஓடினோம். நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று தெரியவில்லை. என் கை அவள் முதுகுக்குப் பக்கத்தில் இருந்தது. "விடுறேன்!" என்று கத்தி கிளட்சை விட்டாள். வண்டி ஒரு இழுப்பு இழுத்தது, வெடித்தது, எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. நான் குப்புற விழப் போனேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

சத்தம் காதில் இல்லை, விலா எலும்பில் கேட்டது. சாலையின் மறுகோடிவரை போய்ப் புள்ளியாகித் திரும்பி வந்தது. நீலப்புகை, ஆமணக்கு வாசனை. ஆடுகள் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின, அந்த ஆள் எங்களைத் திட்டியது வாயசைவில் தெரிந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். நானும்தான், ஆனால் எனக்கு வேறு காரணங்கள் இருந்தன.

லினெட் நிறுத்திவிட்டு இறங்கினாள். முகமெல்லாம் எண்ணெய்த் துளி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"சரி. எஞ்சின் கோகிலாவுக்கு."

அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். "அவளுக்கா? அவளுக்கு எதுக்குங்க?"

"சட்டம் உன்னது மேன். எஞ்சின் அவங்களது. ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தான் வண்டி."

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அவள் என்னைக் கட்டிப்பிடித்து, காதருகில், அவருக்குக் கேட்காமல் சொன்னாள்: "கட்டிலுக்கடியில மட்டும் போயிரக் கூடாது. பாத்துக்கோங்க."

ஜனவரி 11, சனி

அவள் போய்விட்டாள். சனிக்கிழமைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர் சவரம் செய்யவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். "கேன் மாறலீங்க. தெரிஞ்சுதான் ஊத்துனேன்."

கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். விரலில் சோறு காய்ந்தது.

"எம்மேல அத்தன கோவமா?"

"கோவமில்லீங்க." சரியான வார்த்தை வாயில் வர நேரம் பிடித்தது. "பொறாமை."

"அந்தப் புள்ள மேலயா?"

"அவ மேலயும். அந்த இரும்பு மேலயும். சோழவரத்துல நீங்க அழுதத எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல."

எழுந்து கை கழுவினார். "லினெட்டுக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியும். அன்னைக்கே தெரியும். நீங்க டீ வாங்கப் போனப்ப."

பட்டறைக்குப் போய்விட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தாரிணி வந்திருக்கிறாள். அவள் வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம். "அப்பாவுக்குக் கரும்பு வேணுமான்னு கேளு." "வேண்டாம்னு சொல்லு."

ஜனவரி 18, சனி

தாரிணி ஊருக்குப் போய்விட்டாள். லினெட் எனக்கு வாட்ஸப்பில் எழுதினாள்: அங்கே வெயில், தம்பி மனைவிக்குச் சமைக்கத் தெரியவில்லை, குளிர்சாதனப்பெட்டி முழுக்க ரொட்டிதான். படித்துச் சிரித்தேன். அவர் எதிரில் உட்கார்ந்து செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லினெட்டா?"

ஒரு வாரத்தில் நேராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஆமாங்க."

"எனக்கு ஒண்ணும் போடல." பேப்பரை மடித்தார். "நாளைக்குப் பல்லடத்துல இருந்து ஒருத்தர் வண்டியப் பாக்க வர்றாரு. கொஞ்சம் கெளப்பிக் காட்டோணும்."

"சரிங்க."

"எஞ்சின் உன்றது. அதான்... கேக்கறேன்."

"கேளுங்க."

"கேட்டுட்டனே."

உடனே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயிண்டை நகத்தால் சுரண்டினார். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அன்னைக்கு மைதானத்துல, பட்டுன்னு உண்மையப் பேசிக்கிட்டீங்க, நீங்க ரெண்டு பேரும். என்ன டீ வாங்க அனுப்பிட்டு. நான் என்றா இப்படி ஆயிருச்சேன்னு கடைல நின்னு அழுதுட்டு இருக்கறேன். பொண்டாட்டி மனசுல இருந்தது மொதல்ல அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குது. எனக்கு ஆறு நாள் கழிச்சு."

நிமிர்ந்தேன். அது கோபமில்லை. தாடை ஒரு பக்கமாக இறுகி, கண் என் போனை விட்டு நகராமல் இருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அக்டோபரிலிருந்து குளியலறைக் கண்ணாடியில் தினமும் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தில், அதுவும் என் பொருட்டு, பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பாவமாகத்தான் இருந்தது. எடுத்துக்கோங்க என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

"கை வேலையா இருக்கறேனுங்க," என்றேன். "சாப்பிட்டதும் சொல்றேன்."